தூசி வராத சாக்பீஸ் முதல் கால்சியம் மாத்திரை வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பள்ளிக்கு சாக்பீஸ் வாங்கும் பொறுப்பு என்னுடையது. ‘தூசி வராதது’ என்று அச்சிட்ட பெட்டி, சாதாரணப் பெட்டியைப் போல மூன்று மடங்கு விலை. அவ்வளவு கொடுப்பது தகுமா? – ஆசிரியை, திருக்கோவிலூர்

பதில்: தகும், மேலே எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது என்றால். நம் ஊர்ச் சாதாரண சாக்பீஸ் பெரும்பாலும் சாக் என்ற மென்மையான சுண்ணாம்புக்கல்லால் ஆனதே அல்ல. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கரைத்து, அச்சில் ஊற்றிக் காயவைத்தது. அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். எழுதும்போதும் அழிக்கும்போதும் நுண்ணிய தூளாகப் பறக்கும். தூசி குறைந்த வகையைக் கால்சியம் கார்பனேட்டைப் பசையோடு பிசைந்து, அழுத்திச் செய்கிறார்கள். அதன் துகள் கனமானது, கரும்பலகையின் அடியிலேயே விழுந்துவிடும். ‘வராதது’ என்பது மிகை. ‘குறைவாக வருவது’ என்பதே சரி.

இரண்டையும் உடைத்து, உடைந்த முகத்தில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே நான் சமையல் மேடையில் செய்து பார்த்தேன். ஒன்று சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டு ஈரமாக நின்றது. மற்றதில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. காதருகே கொண்டுபோனால் மெல்லச் சீறுவதும் கேட்டது. சீறுவதுதான் கார்பனேட், வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. பெட்டியில் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தும் சீறாவிட்டால், பில்லோடு போய்த் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று: தூசி குறைந்த சில வகைகளில் கேசீன் என்ற பால் புரதம் சேர்க்கிறார்கள். வகுப்பில் பால் ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால், வாங்கும் முன் விசாரியுங்கள்.

கேள்வி: மருத்துவர் என் அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடையில் ‘கிளிஞ்சல் கால்சியம், இயற்கையானது’ என்று ஒன்றைக் கூடுதல் விலைக்குக் காட்டுகிறார்கள். இன்னொன்றில் கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி. என்று இருக்கிறது. எதை வாங்குவது? – வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் எண்ணைப் பாருங்கள். அட்டையில் பெரிதாக இருப்பது கார்பனேட், சிட்ரேட் போன்ற கால்சியம் உப்பின் மொத்த எடை, அதிலுள்ள கால்சியத்தின் எடை அல்ல. கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு 40 பங்குதான் கால்சியம். எனவே 1250 மி.கி. மாத்திரையில் கிடைப்பது 500 மி.கி. சிட்ரேட்டில் சுமார் 21 பங்கு. அந்த 1000 மி.கி. மாத்திரை 210 மி.கி.தான் தரும். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் ‘தனிமக் கால்சியம்’ எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். விலையை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். பெரும்பாலும் கார்பனேட்தான் மலிவு.

கிளிஞ்சல் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவேண்டியதில்லை. கிளிஞ்சலும், சாதாரண கார்பனேட் மாத்திரைக்கு மூலமான சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குப் போனால் கல்லுக்குள் கடல் சிப்பிகளின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. வயிற்றில் உள்ள அமிலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கல்லோ கிளிஞ்சலோ, ஈயம் போன்ற கலப்பு நீங்கும்படி சுத்திகரித்திருப்பதே முக்கியம்.

கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். ஆகவே சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட உடனே போடச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு 500 மி.கி. தனிமக் கால்சியத்துக்கு மேல் போட்டால் உடல் முழுவதையும் எடுத்துக்கொள்ளாது. அம்மா வயிற்று எரிச்சலுக்குத் தினமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுபவர் என்றால் சிட்ரேட்தான் பொருந்தும். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. பலர் எல்லா மாத்திரைகளையும் ஒரே கைப்பிடியாக விழுங்கிவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. ஒளித்துவைத்துப் பல்பம் தின்கிறாள். கேட்டால் ‘கால்சியம்தானே’ என்கிறாள். இணையத்தில் தின்பதற்கென்றே பல்பம் விற்கிறார்கள், அதையாவது வாங்கித் தரலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து வாங்கித் தராதீர்கள். திட்டவும் வேண்டாம். மண், சாம்பல், பல்பம் மீது வரும் இந்த ஆசை பல பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். தின்னும் பல்பமோ உணவில் இருக்கும் இரும்பை உடல் சரியாக உறிஞ்சவிடாது. ஆசையைக் கிளப்பிய குறை, தின்னத் தின்ன வளரும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கர்ப்பிணிகளுக்கு அங்கே இலவசம். இரண்டையும் சேர்த்துப் போடாமல், குறைந்தது 2 மணி நேரம் விட்டுப் போடவேண்டும்.

உணவாக விற்கும் எந்தப் பொட்டலத்திலும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கவேண்டும். நீங்கள் பார்த்த பல்பத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எழுதுபொருளாகத் தயாரித்ததில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. உரிம எண் இல்லாமல் தின்பண்டமாக விற்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர், கை பட்டால் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்பு போலியா? – வாசகர், பரமக்குடி

பதில்: இரண்டில் ஒன்று. வெறும் சாக் பொடியைச் சுண்ணாம்பு என்று விற்றிருக்கலாம். அல்லது நல்ல சுண்ணாம்பே திறந்த மூட்டையில் பழசாகியிருக்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். 100 கிலோவுக்கு 56 கிலோதான் மிஞ்சும். அந்தக் கல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து இழந்ததைத் திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது. பிடிப்பு அதனால்தான் வருகிறது. சாக் பொடி ஏற்கெனவே கார்பனேட். அதற்கு இனி இறுக ஒன்றுமில்லை. மூட்டையிலேயே காற்றுப் பட்டுப் போன சுண்ணாம்புக்கும் அதே கதி.

அடுத்த முறை பொடியாக அல்ல, சுட்ட கல் சுண்ணாம்பாகவே வாங்குங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் கொதித்து வெடித்துப் பொடியவேண்டும். சும்மா கிடந்தால் வாங்காதீர்கள். நீற்றும்போது குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் தெறித்தால் கசக்காமல், நிறையத் தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: பற்பசையில் சாக் பொடி கலப்படம் செய்கிறார்களாமே? – வாசகி, ஆம்பூர்

பதில்: கலப்படம் இல்லை. பல்லைத் தேய்த்து அழுக்கெடுக்கும் பொருளாகக் கால்சியம் கார்பனேட்டை அறிந்தே சேர்க்கிறார்கள், அட்டையிலும் எழுதுகிறார்கள். கூடவே ஃபுளோரைடு வேண்டுமென்றால், அது சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சோடியம் ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிப் பயனற்றுப் போகும்.