சான்றிதழ்கள் சேருகின்றன, சிகிச்சை மாறவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: தாம்பரத்தில் ஒரு குழந்தைகள் தெரபி மையத்தில் மூத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பயிற்றுவிக்கும் சிகிச்சையாளராக) இருக்கிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஆண்டுதோறும் சொந்தப் பணத்தில் வார இறுதிப் பயிலரங்குகளுக்குப் போகிறோம். திரும்பி வந்த ஒரு வாரம் உற்சாகம் இருக்கிறது, பிறகு பழைய முறைதான். இந்த ஆண்டு ஐவருக்குமான தொடர் கல்வித் திட்டத்தை என்னையே வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எந்தப் பயிலரங்குக்குப் போகலாம் என்ற பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். மேற்கொண்டு எப்படிக் கொண்டுபோவது என்று புரியாமல் உங்களில் ஒருவர் திணறிக்கொண்டிருக்கும் குழந்தை யார் என்று கேளுங்கள். அந்தக் குழந்தைதான் உங்கள் முதல் பாடத்திட்டம்.

வளர்ந்தவர்கள் கற்கும் விதத்தைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களில் விரிவாக எழுதினார். எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் வளர்ந்தவர் மனம் வைப்பார். என்ன கற்பது என்பதில் தன் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கையிலிருக்கும் சிக்கலுக்கு விடையாக வருவது அவரிடம் தங்கும், பொதுவான பாடமாக வருவது தங்காது. வார இறுதிப் பயிலரங்குகளில் பெரும்பாலும் இவற்றுக்கு இடமில்லை. கூட்டங்களும் பயிலரங்குகளும் மருத்துவத் துறையினரின் நடைமுறையை எவ்வளவு மாற்றுகின்றன என்று 2009இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. கிடைத்தது சுமார் 6 சதவீத முன்னேற்றம். விரிவுரையோடு கலந்துரையாடலும் செய்முறையும் சேர்ந்தபோது பலன் கூடியது. மாற்ற வேண்டிய பழக்கம் சிக்கலானதாக இருந்தபோது குறைந்தது. நம் வேலையோ முழுக்கச் சிக்கலான பழக்கங்களால் ஆனது. ஆகவே உங்கள் சலிப்புக்கு உங்கள் சோம்பல் காரணமில்லை.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். எட்டு வயதுப் பெண்குழந்தை, பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) வலது கை பலவீனம் என்று வைத்துக்கொள்வோம். அவள் இடது கையால் சாப்பிடுவது பாட்டிக்குப் பொறுக்கவில்லை, வலது கையால் சாதம் பிசைந்து சாப்பிட வைக்கச் சொல்கிறார். குழந்தையிடம் தனியாகக் கேட்டால், பள்ளியில் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் தோழியிடம் நீட்டாமல் தானே திறக்க வேண்டும் என்கிறாள். சிகிச்சை எதை நோக்கிப் போக வேண்டும்? இதை முதல் வாரக் கூட்டத்தில் ஐவர் முன்னும் வையுங்கள். கனடாவில் 1991இல் வெளியான சி.ஓ.பி.எம். (Canadian Occupational Performance Measure) அளவீடு இதற்கு ஏற்றது. தனக்கு முக்கியமான செயலை இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று குழந்தையே 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவாள். இரண்டு புள்ளி உயர்வைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

இரண்டாம் வாரம் ஒரே ஒரு கட்டுரை. இந்தக் குழந்தைக்கு என்றால் அயோனா நோவாக்கும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட தொகுப்பைத் தேர்ந்தெடுப்பேன். பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளைச் சாலை சிக்னல் போலப் பச்சை (செய்யலாம்), மஞ்சள் (கவனமாக), சிவப்பு (வேண்டாம்) என்று அது பிரித்தது. குறிக்கோள் சார்ந்த பயிற்சி, இரு கைப் பயிற்சி, நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பலவீனமான கையை உழைக்க வைக்கும் முறை, வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவை பச்சை. நம்மில் பலர் கல்லூரியில் படித்து நம்பிச் செய்துவரும் என்.டி.டி., அதாவது சிகிச்சையாளர் தன் கைகளால் குழந்தையின் உடல் நிலையையும் அசைவையும் வழிநடத்தும் முறை, சிவப்பு.

இந்த இடத்தில் கூட்டம் சூடாகும், சூடாகட்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரிடம் "உங்கள் முறை தவறு" என்று ஒரு கட்டுரையை நீட்டினால் அவர் கதவை மூடிக்கொள்வார். அவருடைய கைக்குத் தெரிந்தது ஏராளம். சாதத்தைப் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதை விரல் விரலாகக் கற்றுக்கொடுக்கும் வழி வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லை, அவரிடம் இருக்கிறது. அதை முதலில் அவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிறகு, "டிபன் பாக்ஸ் திறப்பதற்கு நீங்கள் எந்த முறையை எடுப்பீர்கள், ஆறு வாரத்தில் எந்த மதிப்பெண் வந்தால் அது வேலை செய்தது என்று ஒப்புக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். தானே வகுத்த சோதனையின் முடிவை யாரும் எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். தொடர் கல்வியில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது இந்தக் கேள்விதான்.

மூன்றாம் வாரம் செய்முறை. ஒருவர் கையை ஒருவர் கட்டிக்கொண்டு பாட்டில் மூடியைத் திறந்து பாருங்கள், தயிர்சாதம் சாப்பிட்டுப் பாருங்கள். நாம் குழந்தையிடம் கேட்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது அப்போது உறைக்கும். அடுத்த இரண்டு வாரங்களில் குழந்தையோடு செய்வதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, ஐவரும் பாருங்கள். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம். குழந்தையிடமும் கேளுங்கள், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். பார்த்து முடித்ததும் சிகிச்சை அளித்தவர் முதலில் பேசட்டும்: எதை எதிர்பார்த்தேன், எது நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன். மற்றவர்கள் பிறகு. ஆறாம் வாரம் மீண்டும் மதிப்பெண். மூன்று மாதம் கழித்து அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த முறையை இன்னும் யார் பயன்படுத்துகிறீர்கள், விட்டவர் ஏன் விட்டார் என்று பேசுங்கள். பலரும் தவிர்ப்பது இந்த அரை மணி நேரத்தைத்தான். ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு சுற்று போதும், அதிகம் வேண்டாம்.

வயதில் இளையவர்களுக்கு ஒரு சலுகை தேவைப்படும். புதிதாகச் சேர்ந்தவரிடம் "நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்றால் தவித்துப்போவார். முதல் இரண்டு சுற்றுகளில் தலைப்பை நீங்கள் கொடுத்து, ஒரு மூத்தவரைத் துணைக்கு வையுங்கள்.

சான்றிதழ்களை ஒதுக்கச் சொல்லவில்லை. தேசிய அளவில் சுகாதாரத் துணைத் தொழிலினருக்கான ஆணையத்தை உருவாக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆக்குபேஷனல் தெரபியும் இடம்பெற்றிருக்கிறது. எனவே ஒவ்வொருவரும் தேதி, தலைப்பு, நேரம் குறித்த பதிவேட்டை இப்போதே பராமரிப்பது நல்லது. அதிலேயே உங்கள் ஆறு வாரச் சுற்றுகளையும், குழந்தையின் பெயரை நீக்கிவிட்டு, முன்பின் மதிப்பெண்களோடு எழுதுங்கள். நிர்வாகம் ஆண்டு முடிவில் பலனைக் கேட்டால் காட்டுவதற்கு அதைவிட வலுவானது இல்லை.

வெளிப் பயிலரங்குக்குப் பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: செய்முறைக்கு எவ்வளவு நேரம்? எங்கள் மையத்துக் குழந்தை ஒருவரின் விவரத்தைக் கொண்டுவந்து பேச முடியுமா? ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் கேட்க வழி உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஆம் என்றால், முடிந்தவரை ஒருவரை மட்டும் அனுப்பாமல் இருவரை அனுப்புங்கள். தனியாகக் கற்றுத் திரும்புபவர் பழைய வழக்கத்தோடு தனியாகவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இருவராக இருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே ஒருவர் செய்ய, மற்றவர் உடனிருந்து பார்க்கலாம்.