முப்பதாயிரம் ரூபாய் வாசனை எங்கே போச்சு?

(துபாய் தேராவில் சென்ட் கடை கவுன்டரில் நின்றவர், இப்போது கீழக்கரையில் சொந்த அத்தர் கடை வைத்திருக்கிறார். வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.)

காக்கா, துபாயிலிருந்து வந்த மச்சான் எனக்கு ‘பக்காரா ரூஜ் 540’ வாங்கி வந்தார். 70 மி.லி. பாட்டில், முப்பதாயிரத்தை ஒட்டி ஆனதாம். அடித்த அரை மணி நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மதியம் வந்த நாத்தனாரோ, “வீடே மணக்குது” என்கிறார். போலியா? இந்தக் காசுக்குத் தகுமா?
– வாசகி, கீழக்கரை

பாதிப் பதிலை உங்கள் நாத்தனாரே சொல்லிவிட்டார் தங்கச்சி. சென்ட் போகவில்லை, உங்கள் மூக்குதான் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது. கருவாடு காயப்போடுகிறவர்களுக்குக் கருவாட்டு வாடை தெரியாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அதே கதைதான்.

இந்த சென்ட்டில் இது இன்னும் அதிகம். பக்காரா என்ற பிரெஞ்சுப் படிகக் கண்ணாடி நிறுவனத்தின் 250-ஆவது ஆண்டுக்காக 2014-இல் பிரான்சிஸ் குர்க்ஜான் என்ற சென்ட் கலைஞர் உருவாக்கியது இது. 2015-இல்தான் பொது விற்பனைக்கு வந்தது. இதில் முக்கியமான இரண்டு சரக்கு: பஞ்சு மிட்டாய் வாசம் தரும் எத்தில் மால்டால், அப்புறம் அம்ப்ராக்சான். அம்ப்ராக்சான் மெதுவாக ஆவியாகும், நெடுநேரம் நிற்கும். ஆனால் அடித்துக்கொண்டவருக்கு அது வந்து வந்து மறையும். “காக்கா, பாட்டில் காலி தண்ணி” என்று என் கவுன்டரில் சண்டைக்கு வந்தவர்கள் வெளியே போன பிறகும் கடை முழுக்க அவர்கள் சென்ட்தான் இருக்கும்.

போலியா என்பதை முதல் முகர்வில் யாராலும் சொல்ல முடியாது. போலி செய்கிறவன் முதல் பத்து நிமிஷத்தைத்தான் காப்பியடிப்பான், கடையில் நாம் முகர்ந்து பார்ப்பது அவ்வளவுதானே! நாலாவது மணி நேரத்தில்தான் அவன் சாயம் வெளுக்கும். அட்டைப்பெட்டியில் இருக்கும் பேட்ச் நம்பரும் பாட்டில் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். ஒன்றாக இருப்பதாலேயே அசல் என்றும் முடிவு கட்டாதீர்கள்.

குளித்துவிட்டு மணிக்கட்டில் ஒரு தடவை அடியுங்கள், தேய்க்க வேண்டாம். இன்னொரு தடவை வெள்ளைப் பருத்தித் துணியில் அடித்து வேறு அறையில் தொங்கவிடுங்கள். காலையில் ஒருமுறை, லுஹர் (மதியத் தொழுகை) நேரத்தில் ஒருமுறை, மக்ரிபுக்கு (அந்தித் தொழுகை) ஒருமுறை முகருங்கள். கையை நீங்கள் முகர்வதைவிட வெளியிலிருந்து வருகிறவரிடம் கேட்பது நல்லது. நடுவில் காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். அதெல்லாம் கடை அலங்காரம். வாசலுக்குப் போய் நாலு மூச்சு விட்டாலே போதும்.

மால் ஏ.சி.யில் மணந்தது நம் ஊரில் அப்படியே மணக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்வாசம் சீக்கிரம் பறந்துவிடும், அடியில் கிடக்கும் இனிப்பு கிளம்பி வரும். அந்த வெக்கையில் இந்த சென்ட்டை நாலு தடவை அடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலிதான். இரண்டு போதும்.

இனி காசு. ஒரு அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. என்றால் 70 மி.லி.யில் ஏறக்குறைய 700 அழுத்தல். முப்பதாயிரத்தை வகுத்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய நாற்பத்து மூன்று ரூபாய். நிக்காஹ், பெருநாள் என்று எடுத்தால் கணக்கு உறுத்தாது. தினமும் அடிக்க நான் வாங்க மாட்டேன், எனக்கு அந்த இனிப்பும் கொஞ்சம் ஜாஸ்தி. உள்ளே இருக்கும் சரக்கோடு பெயருக்கும் பாட்டிலுக்கும் ஷோரூம் வாடகைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

“எத்தனை மணி நேரம் நிக்கும்?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிற்பதுதான் தரம் என்றால் செயற்கைக் கஸ்தூரி கலந்த மலிவு அத்தரை மிஞ்ச ஆளில்லை, சட்டையைத் துவைத்த பிறகும் அது போகாது. எலுமிச்சை வகை வாசனை எவ்வளவு உசத்தியானாலும் சீக்கிரம் போய்விடும், அதன் இயல்பு அப்படி. மணக்கும் நேரமெல்லாம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டிலை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். பெட்டியோடு பீரோவுக்குள் இருக்கட்டும்.

அண்ணே, கடலில் மிதந்து வரும் மீனம்பரைக் கொடுத்தால் ஒரிஜினல் சென்ட் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், மண்டபம்

வேண்டாம் தம்பி. மீனம்பர் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது, அதனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன அம்ப்ராக்சான் அந்த மீனம்பர் வாசத்துக்கு மாற்றாக வந்ததுதான். கிளாரி சேஜ் என்ற செடியில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்கிறார்கள். பெரிய கம்பெனிகளே அதற்கு மாறி வெகுகாலம் ஆகிறது.

எங்கள் ஊர் மல்லிகைப் பதியன் வெளியூருக்கெல்லாம் போகிறது. ஆனால் ‘ஜாஸ்மின்’ என்று போட்ட விலையுயர்ந்த சென்ட்டில் நம்ம மல்லி வாசம் இல்லையே, ஏன்?
– வாசகி, தங்கச்சிமடம்

மல்லிகையை ரோஜா போல ஆவியில் வடித்தால் வாசம் கெட்டுப்போகும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி ஒன்றை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவித்தான் ‘அப்சல்யூட்’ செய்கிறார்கள். ஒரு கிலோவுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அதனால் பல பாட்டில்களில் வேலை செய்வது ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள். 1966-இல் டியோரின் ‘ஓ சவாஜ்’ அதைப் பிரபலமாக்கியது. மல்லிகையின் லேசான வாசம் அதில் வரும், நம் பூவின் கனம் வராது. இயற்கைச் சாறு சேர்த்த சென்ட்களிலும் நிறைய பிச்சி இனம்தான். கடையில் ‘ஜாஸ்மின் சாம்பாக்’ என்று கேட்டு வாங்குங்கள், அதுதான் நம்ம குண்டுமல்லி. அப்புறம், சோதிக்கப் போகிற அன்று தலையில் பூ வைத்துக்கொள்ள வேண்டாம்.