‘லுக்ரேட்டிவ்’ வேலையா? பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள்

கேள்வி: எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்த என் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வேலை விளம்பரம் வந்தது. ‘லுக்ரேட்டிவ் இன்கம்’ என்று போட்டிருக்கிறார்கள். அவளும் அதே சொல்லைத் தன் விண்ணப்பக் கடிதத்தில் எழுதியிருக்கிறாள். விளம்பரத்தை நம்பலாமா? கடிதத்தில் அப்படி எழுதலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: நல்ல காசு தரக்கூடியது என்பதுதான் பொருள். தொழில், ஒப்பந்தம், வியாபாரம் இவற்றுக்குச் சொல்லலாம். ஆளுக்குச் சொல்ல முடியாது. விண்ணப்பக் கடிதத்தில் வேண்டவே வேண்டாம். ‘இந்தப் பெண்ணுக்குச் சம்பளம்தான் குறி’ என்று முதலாளி நினைத்துக்கொள்வார். அடித்துவிட்டு, என்ன வேலை தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் இந்தச் சொல்லுக்குப் பொருள் எழுத வைத்து மதிப்பெண் போடுகிறார்கள், ஒப்பந்தத்தைப் படிக்க மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

விளம்பரத்தில் அந்தச் சொல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. பேசிக் (கமிஷன் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் கமிஷன் என்றால் சரி. ‘பேசிக் கிடையாது, கமிஷன் மட்டும்’ என்றால் பெரும்பாலும் ஊழியராக இல்லாமல் ஏஜெண்டாகக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். ஊழியர் என்றால் 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி ஈபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) 13 விழுக்காடு கட்ட வேண்டும், கமிஷனும் அந்தக் கணக்கில் சேரும். சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டு. ஏஜெண்டுக்கு இவை எதையும் முதலாளி கட்ட வேண்டியதில்லை.

வீடு, நிலம் விற்றுக் கொடுக்கும் நெகோஷியேட்டர் வேலை வேறு. அதில் கமிஷன் மட்டும் என்பது வழக்கம், மோசடி இல்லை. ஆனால் அவர்கள் சொத்து முகவர்களுக்கான வாரியத்தில் பதிந்து, எண் போட்ட சிவப்பு அட்டை அணிந்திருக்க வேண்டும். பதிந்த நிறுவனம் ஒன்றின் கீழ்தான் வேலை செய்ய முடியும். அட்டை பிறகு வரும், இப்போதே வாடிக்கையாளர் பிடியுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் இந்த இடைத்தரகர்கள்! பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் காசு என்று வேலைக்கு முன்பே கேட்பார்கள். எஸ்எஸ்எம் சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள், அது கம்பெனி பதிவு மட்டுமே. ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். சம்பளம் போட என்று ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கேட்டால், மகளின் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் ஓடும். போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கம்போடியா, மியன்மார் என்றால் பேச்சே வேண்டாம், அங்கே மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு மீட்கப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகள் பலர்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் முதலில் பண மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்கு நேரே போனால் ஒரு கவுண்டர் அடுத்த கவுண்டரைக் காட்டும், அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். போலீஸ் புகாரை அதற்குப் பிறகு கொடுங்கள்.