இருட்டுன்னா யாருக்கு இருட்டு?

அன்புள்ள அக்கா,

உங்க சைட்டை மூணு வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. எம்.எஸ்சி இயற்பியல் கடைசி வருஷம். ஈர்ப்பலைன்னா, அதான் கருந்துளைங்க மோதும்போது வெளியையே சுருக்கி விரிச்சுட்டுப் போற அலை, எனக்கு உயிர். அந்த அலையை விண்வெளிலேர்ந்தே புடிக்கப்போற லிசா மிஷன் பத்திக் கேள்விப்பட்டதுலேர்ந்து ப்ராஜெக்ட் அது சம்பந்தமாத்தான் பண்ணுவேன்னு அடம்பிடிச்சு ஒரு லேப்ல சேர்ந்தேன். அங்க எனக்குக் குடுத்தது போட்டோடயோடு (ஒளி பட்டா கரண்ட் தர்ற டயோடு) டெஸ்டிங். தினமும் டயோடை பெட்டிக்குள்ள வச்சு, கருப்புத் துணி போட்டு மூடி, டார்க் கரண்ட் (ஒளியே படாதப்பவும் ஓடற கரண்ட்) எடுத்து எக்செல்ல ஏத்தணும். கூடப் படிக்கிறவங்க கருந்துளை சிமுலேஷன் பண்றாங்க, நான் வெறும் டெஸ்டிங். இதெல்லாம் சயின்ஸாக்கா? தரையில இருக்கற லைகோதான் ஈர்ப்பலையை 2015லயே புடிச்சிடுச்சே, அப்புறமும் எதுக்கு இத்தன டெஸ்ட்? இந்த வேலையெல்லாம் நாளைக்கு ஏஐ பண்ணிடாதா? கைடை மாத்திக்கலாமான்னு இருக்கேன். (பேர் போட வேணாம், ப்ளீஸ்.)

*

ஏம்மா,

நாலு கேள்வி கேட்டிருக்க, மூணை ஓரமா வச்சிடறேன். லைகோ புடிச்சிடுச்சேங்கிற. அதோட கை, அதாவது லேசர் ஓடற பாதை, 4 கிலோமீட்டர், லிசாவோட கை 25 லட்சம் கிலோமீட்டர். லைகோல மாட்டுற, நொடிக்கு நூறு தடவை துடிக்கிற அலையும், லிசா தேடற, ஒரு தடவை துடிச்சு முடிக்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கிற அலையும் ஒண்ணாகுமா? ஈர்ப்பலைன்னா உயிருங்கிற, இது தெரியாமயா இருக்கும், கோவத்துல கேட்டிருக்க, போகட்டும். ஏஐ பத்தி எங்கிட்ட யாரும் கேக்காதீங்க, அலுத்துப்போச்சு. கைடு விஷயம் கடைசில பாப்போம்.

நான் உக்காந்து பதில் எழுதறதே உன் கடிதத்துல இருந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான். ஒண்ணு "வெறும்". இன்னொண்ணு "கருப்புத் துணி". அதைப் படிச்சதும் நிஜமாவே சிரிச்சுட்டேன், ஏன்னா போன வாரம்தான் பழைய பெட்டியை ஒதுங்க வைக்கும்போது என்னோட லேப் நோட்டு ஒண்ணு கிடைச்சுது, அதுலேர்ந்து மனசுல ஓடிட்டு இருக்கறதே அந்தத் துணிதான்.

முதல்ல "வெறும்" பத்தி. அந்த டயோடு என்ன செய்யணும்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? ஒரு விண்கலத்துலேர்ந்து ரெண்டு வாட் அளவுக்கு லேசர் கிளம்புது, 25 லட்சம் கிலோமீட்டர் போறதுக்குள்ள பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிஞ்சுடுது, அந்தப் பக்கம் இருக்கற 30 சென்டிமீட்டர் டெலஸ்கோப்புல மாட்டுறது சில நூறு பிக்கோவாட் (ஒரு பிக்கோவாட்னா வாட்டுல லட்சம் கோடில ஒரு பங்கு). அதை அங்கயே இருக்கற இன்னொரு லேசரோட கலந்து டயோடு மேல விழ வச்சா, ரெண்டு கலத்துக்கும் நடுவுல தூரம் மாறிட்டே இருக்கறதால ரெண்டு ஒளியோட அதிர்வெண்ணும் கொஞ்சம் வேறயா இருக்கும், அந்த வித்தியாசம் மெகாஹெர்ட்ஸ் கணக்குல ஒரு துடிப்பா, பீட்டா வரும், அந்த பீட்டோட ஃபேஸ்லதான், அதாவது துடிப்பு எந்தக் கட்டத்துல இருக்குங்கறதுலதான், எல்லாமே ஒளிஞ்சிருக்கு. லேசரோட அலைநீளம் 1064 நானோமீட்டர், நாம கண்டுபிடிக்க வேண்டிய தூர மாற்றம் அதுல லட்சத்துல ஒரு பங்கு. டயோடை வேற நாலு துண்டாப் பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொரு துண்டும் தனித்தனியா ஃபேஸ் சொல்லும், அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் வர்ற ஒளி எவ்ளோ சாஞ்சு வருதுன்னு தெரியும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல முடியை விட மெல்லிசா ஒரு சந்து இருக்கு பாரு, அங்க விழுற ஒளி எந்தப் பக்கம் கணக்குல போகுது? குட்டியா ஒரு ஒளிப்புள்ளியை வச்சு அங்குலம் அங்குலமா, தப்பு, மைக்ரோமீட்டர் மைக்ரோமீட்டரா நகத்திப் பாத்தாத்தான் தெரியும். அதுவும் டெஸ்டிங்தான்.

2035ல ஏவறதா திட்டம். மேல போனப்புறம் தொடச்சு வைக்கக்கூட ஆள் கிடையாது. விண்வெளில பறக்கற புரோட்டான் துகள்கள்கிட்ட வருஷக்கணக்கா அடி வாங்கும், அடி வாங்க வாங்க டார்க் கரண்ட் ஏறும். அதனால இங்கயே புரோட்டான் கற்றைல வச்சு அடிச்சுப் பாக்கறாங்க, முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு. அந்த "முன்னாடி" நம்பர் என்னன்னு நினைச்ச? நீ எக்செல்ல ஏத்தற மாதிரி ஒரு நம்பர்தான். உன் டயோடு பறக்கப்போறது இல்லதான், ஆனா பறக்கப்போற டயோடுக்கும் உன்ன மாதிரி ஒருத்தி உக்காந்து அந்தக் கட்டத்தை நிரப்பறா. அவ ஏனோதானோன்னு நிரப்புனா, அதுக்கப்புறம் புரோட்டான் எவ்ளோ கெடுத்துச்சுன்னு எவனாலயும் சொல்ல முடியாது.

இப்ப என் கதை. எனக்கு அப்போ உன் வயசுதான் இருக்கும். அதே இண்டியம் காலியம் ஆர்சனைடு டயோடு, அதே பெட்டி, அதே கருப்புத் துணி, அதுவும் ரெண்டு மடிப்பா. ரீடிங் காலைல கம்மியா இருக்கும், மத்தியானம் ஏறும், சாயந்திரம் இறங்கும். தினமும் இப்படியேதான். டார்க் கரண்ட் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு நான்தான் படிச்சவளாச்சே, மத்தியானம் ரூம் சூடு, கரண்ட் ஏறுது, முடிஞ்சுது கதை. கிராஃப் போட்டேன், கோடு இழுத்தேன், "வெப்பநிலையால் வரும் மாற்றம்"னு கீழ எழுதி நானே ரசிச்சுக்கிட்டேன். லேப்ல ஒரு டெக்னீஷியன் அண்ணன் இருந்தாரு, அதிகம் பேச மாட்டாரு. வந்து கிராஃபைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. நேரா போய் ஜன்னல் கதவைச் சாத்துனாரு. மீட்டர்ல ரீடிங் அப்படியே விழுந்துச்சு, அதுவும் உச்சி வெயில் நேரத்துல, ரூம் சூடு ஒரு டிகிரி கூட குறையாம.

துணி நம்ம கண்ணுக்குத்தான் கருப்பு. சாயம் நாம பாக்கற ஒளியை முழுங்கிடும், ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாத, டயோடுக்குத் தெரியற அகச்சிவப்பை நிறைய சாயம் கண்டுக்கறதே இல்ல, அது பாட்டுக்கு உள்ள போகும். டிவி ரிமோட் முன்னாடி கருப்பா ஒரு பிளாஸ்டிக் இருக்கே, அதுக்குள்ளேர்ந்துதானே சிக்னல் வெளிய வருது? நான் இருட்டுன்னு நினைச்சுட்டு இருந்த பெட்டிக்குள்ள அந்த டயோடு ரெண்டு மாசமா எப்போ பகல், எப்போ ராத்திரின்னு பாத்துட்டு இருந்திருக்கு. "உன் கண்ணுக்குத்தாம்மா இருட்டு, அதுக்கு இல்ல"ன்னாரு அவரு, போய்ட்டாரு.

இது வரைக்கும் எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொல்லிருக்கேன். சொல்லாதது ஒண்ணு இருக்கு, போன வாரம் நோட்டைப் பாத்ததும்தான் ஞாபகமே வந்துச்சு. ஒரு நாள் ராத்திரி தங்கி ரீடிங் எடுத்திருக்கேன். மெஷின் எல்லாம் ஓடி ரூம் மத்தியானத்தை விட சூடு, தெர்மாமீட்டர் ரீடிங்கை நானே என் கையால எழுதி வச்சிருக்கேன். கரண்ட் மட்டும் காலைல மாதிரி கம்மி. அதாவது விடை என் கையெழுத்துலயே இருந்திருக்கு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, அந்த வரி மேல குறுக்க ஒரு கோடு, பக்கத்துல "தவறான ரீடிங்". ஏன் தவறு? என் கோட்டுல உக்காரல, அவ்ளோதான் காரணம்.

பெரியவங்களும் இதைத்தான் பண்ணாங்க, அதான் சோகம். ஹபிள் டெலஸ்கோப் 1990ல மேல போச்சு, படம் மங்கல். 2.4 மீட்டர் கண்ணாடியை அவ்ளோ அருமையா தேச்சிருந்தாங்க, ஆனா தப்பான வடிவத்துக்கு அருமையா தேச்சிருந்தாங்க. கண்ணாடியைச் சோதிச்ச கருவிக்குள்ள ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருக்கு. இதுல எனக்கு ஆறாதது என்னன்னா, வேற சோதனைகள்ல தப்பு தெரிஞ்சிருக்கு! இந்தக் கருவிதான் ரொம்பத் துல்லியம், அந்தச் சோதனைங்க அவ்ளோ நம்பிக்கையில்லன்னு தள்ளி வச்சுட்டாங்க. என் நோட்டுல இருக்கற அதே குறுக்குக் கோடு. 1993ல ஆளுங்களே மேல போய் சரிபண்ணாங்க, ஹபிள் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. லிசா அப்படி இருக்காது.

அதனால "வெறும் டெஸ்டிங்"னு இன்னொரு தடவை எழுதுனா உன் கடிதத்தைப் பாதியிலயே மூடிடுவேன். டெஸ்டிங்னா நம்பரை எக்செல்ல ஏத்தறதுன்னு உனக்கு யாரு சொன்னா? இந்த நம்பர் பொய்யா இருக்க எத்தனை வழி இருக்குன்னு தேடிப் போறதுதாம்மா வேலை. நீ அதுல பத்துல ஒரு பங்கு செஞ்சுட்டு போரடிக்குதுங்கிற. உனக்கு இன்னும் வேலை குடுக்கவே இல்ல போல, அது வேணா உன் கைடு மேல இருக்கற தப்பு.

அடுத்து ஆம்ப்ளிஃபயர் நாய்ஸ், அதாவது டயோடோட குட்டி கரண்டைப் பெருக்கற கருவி தானாப் போடற இரைச்சலை, எடுக்கச் சொல்லுவாங்க. அதை மட்டும் ஆசையா பண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். கோடிக்கணக்குல செலவாகற மிஷனுக்கான கருவியை சாதாரண இழை பல்பு வச்சு சோதிக்கலாம். பல்பு வெளிச்சத்துல ஃபோட்டான் எல்லாம் ஒழுங்கில்லாம வந்து விழுறதால, கரண்ட் எவ்ளோன்னு தெரிஞ்சா நாய்ஸ் எவ்ளோன்னு பேப்பர்லயே போட்டுடலாம், எலக்ட்ரானோட சார்ஜ் ஒண்ணே போதும், வேற யாரும் கேலிப்ரேட் பண்ணித் தர வேணாம். வெளிச்சத்தைக் கூட்டிட்டே போ, இருட்டுல இருந்த நாய்ஸ் பவர் எந்தக் கரண்ட்ல சரியா ரெண்டு மடங்காகுதுன்னு பாரு, அங்க வெளிச்சத்தோட நாய்ஸும் ஆம்ப்ளிஃபயர் நாய்ஸும் சமம். ஆம்ப்ளிஃபயர் நாய்ஸ் ரூட் ஹெர்ட்ஸுக்கு 2 பிக்கோஆம்பியர்னா அது 12 மைக்ரோஆம்பியர் பக்கத்துல வரணும். வந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது உனக்கு.

ஆனா இருட்டு நிஜமாவே இருட்டா இருந்தாத்தான் இதெல்லாம். துணியைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல அலுமினிய மூடி ஒண்ணு செஞ்சு போடு, ஒயர் வெளிய வர்ற ஓட்டையையும் பாத்துக்கோ. ஜன்னலைத் தொறந்து ஒரு ரீடிங், சாத்தி ஒண்ணு, லைட்டெல்லாம் அணைச்சு ஒண்ணு. இது வரைக்கும் தவறுன்னு வெட்டுன ரீடிங் ஏதாவது இருந்தா அதையும் சேத்து எனக்கு அனுப்பு, எக்செல்ல அழிச்சிருந்தா நோட்டுல தேடு. கைடை மாத்தறது பத்தி அதைப் பாத்துட்டுப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா