ஒரே ஐ.எஸ்.டி.க்குள் எந்த ப்ரீ-கே நல்லது? எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகருக்குக் குடிவந்திருக்கிறோம். பையனுக்கு வரும் ஆகஸ்டில் நான்கு வயது முடிகிறது. எங்கள் ஐ.எஸ்.டி.யில், அதாவது பள்ளி மாவட்டத்தில், ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) நடத்தும் அரசுப் பள்ளிகள் பல உள்ளன. ரேட்டிங் பார்த்து முடிவு செய்யலாமா?

பதில்: ரேட்டிங்கை மூடி வைத்துவிடுங்கள். பள்ளிக்கு டெக்சாஸ் அரசு கொடுக்கும் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடும் சரி, வீடு வாங்கும் தளங்களில் தெரியும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணும் சரி, பெரும்பாலும் ஸ்டார் என்ற மாநிலத் தேர்வின் முடிவிலிருந்து வருபவை. ஸ்டார் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் கணக்கு எப்படிப் போட்டார்கள் என்பதை வைத்து நான்கு வயதுக் குழந்தையின் வகுப்பறையை எடைபோட முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். டெக்சாஸில் அரசு ப்ரீ-கே எல்லோருக்கும் இலவசம் இல்லை. செப்டம்பர் 1 அன்று நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். அதோடு குடும்ப வருமானம் குறைவு, ராணுவக் குடும்பம், வீடில்லாத நிலை என்று சில தகுதிகளில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்தப் பட்டியலில் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது: ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் முடியாத பிள்ளைக்கும் தகுதி உண்டு. இதற்கு அப்பா அம்மா சம்பளத்தைப் பார்ப்பதில்லை. பதிவு செய்யும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். வீட்டில் தமிழ்தான் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். பிறகு குழந்தையிடம் படங்களைக் காட்டி, சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு ஆங்கிலம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார்கள்.

பிள்ளைக்கு இஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு) முத்திரை விழுந்துவிடும் என்று பயந்து படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். மனது கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லால் முழுநாள் இலவச வகுப்பே கைவிட்டுப் போகலாம். ப்ரீ-கேயிலும், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிண்டரிலும் இஎஸ்எல்லில் இருந்து யாரையும் வெளியே எடுக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஒன்றாம் வகுப்பு முடிவில் தேர்வு வைத்துப் பார்ப்பார்கள், தேறினால் வெளியே வந்துவிடலாம். அதுவரை கிடைப்பது கூடுதல் மொழி உதவி. இதில் குறை என்ன இருக்கிறது? தகுதி இல்லை என்று வந்தாலும், காலியிடம் இருந்தால் கட்டணம் வாங்கிச் சேர்க்கும் ஐ.எஸ்.டி.க்கள் உண்டு.

இனி ஒப்பிடுவது. முதலில் உங்கள் முகவரிக்கு எந்தப் பள்ளி என்று கேளுங்கள். பல இடங்களில் நாம் தேர்ந்தெடுக்கவே முடியாது. மாற்றல் விண்ணப்பம் போட வேண்டும், அப்படி மாறினால் பஸ் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி.

தேர்வு உண்டென்றால் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று, சின்னக் குழந்தைகளுக்கென்றே நடத்தும் தனி வளாகம். மற்றொன்று, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள எலிமென்டரி பள்ளிக்குள் ஓரிரு ப்ரீ-கே அறைகள். எங்கள் மகளுக்காக இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தோம். தனி வளாகத்தில் கை கழுவும் தொட்டி அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது, கழிப்பறை வகுப்புக்குள்ளேயே. எலிமென்டரியில் கழிப்பறைக்கு நடைவழியின் கடைசி வரை போக வேண்டும். விளையாட்டுத் திடலில் ஏணிக்குப் பக்கத்தில் '5 முதல் 12 வயது வரை' என்று பலகை. நான்கு வயதுக்கு வேறு திடல் எங்கே என்று கேட்டோம். கட்டடத்துக்குப் பின்னால் வேலி போட்ட சின்ன இடம் ஒன்றைக் காட்டினார்கள், போதுமானதாகவே இருந்தது.

முடிந்தால் மதிய உணவு நேரத்தில் போங்கள். என் கணக்கில் ஒரு பள்ளியைப் பற்றி அந்த அரை மணி நேரம் சொல்வதை வேறு எதுவும் சொல்லாது. டப்பாவைத் திறக்கத் தெரியாமல் ஒரு குழந்தை தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள்? பால் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தர ஆள் இருக்கிறதா? பெரிய பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவிலா, தனியாகவா? நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை மண்டி போட்டு உட்கார்ந்து, மூடியைத் தானே திறக்காமல், எந்த மூலையை இழுக்க வேண்டும் என்று ஒரு பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி அங்கேயே முடிவெடுத்துவிட்டாள்.

ஆள் எண்ணிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். ப்ரீ-கே வகுப்புக்கு உச்சவரம்பு 22 பிள்ளைகள். 11 பேருக்கு ஒரு பெரியவர் என்ற விகிதத்தைக் காக்க முயல வேண்டும் என்று மாநில விதி சொல்கிறது; அதாவது ஆசிரியரோடு ஓர் உதவியாளர். அந்த உதவியாளர் நாள் முழுக்க அதே அறையில் இருக்கிறாரா, இல்லை மதியத்துக்கு மேல் வேறு வேலைக்கு இழுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டால் பதில் தெளிவாக வர வேண்டும். மழுப்பினால் கொஞ்சம் யோசியுங்கள்.

பாடத்தை வைத்து ரொம்ப ஒப்பிட வேண்டாம். மாநிலத்தின் ப்ரீ-கே வழிகாட்டி ஒன்றுதான், ஒரே ஐ.எஸ்.டி.க்குள் பாடத்திட்டமும் அநேகமாக ஒன்றேதான். வேறுபடுவது ஆசிரியர். தனி வளாகத்துக்கு ஒரு குறையும் உண்டு: அடுத்த வருடம் கிண்டருக்கு வேறு பள்ளி, வேறு நண்பர்கள். மாற்றம் என்றாலே அழும் பிள்ளை என்றால் வீட்டுப் பக்கத்து எலிமென்டரியே நல்லது என்பேன்.

பையனுக்குப் பேச்சு தாமதம் என்ற சந்தேகம் ஏதாவது இருந்தால் ப்ரீ-கே தகுதிக்காகக் காத்திருக்காதீர்கள். மூன்று வயதிலிருந்தே சிறப்புக் கல்விச் சேவை இலவசம், வருமான வரம்பு கிடையாது. பரிசோதனை வேண்டும் என்று ஐ.எஸ்.டி.க்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் கெடு ஓடாது. எழுத்தில் கொடுத்தால் 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.

பதிவு பெரும்பாலும் வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில், தடுப்பூசி அட்டை எடுத்து வையுங்கள். இந்திய அட்டையில் ஹெப்படைட்டிஸ் ஏ, சின்னம்மை ஊசிகள் பல நேரம் இருக்காது. இங்கே இரண்டும் கட்டாயம். ஹெப்படைட்டிஸ் ஏ இரண்டு டோஸ், நடுவில் ஆறு மாத இடைவெளி, அதனால் முதல் டோஸை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.