நடத்தை விதி இருந்தும் புகார் வராதது ஏன்?

விதியைத் திருத்தி எழுத வேண்டாம். புகார் யாரிடம் போகும் என்பதை முதலில் சரிசெய்யுங்கள். உங்கள் திறமூல மென்பொருள் திட்டத்தில் மூத்த பங்களிப்பாளர் ஒருவர் புதியவர்களின் நிரலை மட்டம்தட்டுகிறார், ஆனால் ஒருவரும் புகார் சொல்வதில்லை என்கிறீர்கள். நீங்கள் சேர்த்தது கான்ட்ரிபியூட்டர் காவனன்ட் 2.0 என்ற ஆயத்த நடத்தை விதி தானே? அதை அப்படியே ஒட்டியிருந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் உள்ள தொடர்பு முகவரிக்கான இடம் நிரப்பப்படாமலே கிடக்கும். பல திட்டங்களில் பார்த்துவிட்டேன், சிரிப்புதான் வரும்.

கோப்பைத் திறந்து, சதுர அடைப்புக்குறி எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இருவர் பார்க்கும் தனி மின்னஞ்சல் முகவரியை அங்கே போடுங்கள். அப்புறம் அந்த மூத்த பங்களிப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள். விதியை மீறினால் எடுக்க அந்தக் கோப்பிலுள்ள நான்கு படிகள்: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. எடுத்த எடுப்பில் தடைக்குத் தாவாதீர்கள்.

ஒன்று மட்டும்: மின்னஞ்சலைப் பார்க்கும் இருவரில் ஒருவர் அந்த மூத்தவரே என்றால் இத்தனையும் வீண்.