அந்த கேப்டனோடு பறக்க மாட்டேன் என்பது திமிரா?

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. மாதாமாதம் டியூட்டிக்கு விருப்பம் எழுதிக் கொடுக்கும்போது, 'இந்த கேப்டனோடு என்னைப் போடாதீர்கள்' என்று ஒரு பெயரையும் சேர்த்துவிடுகிறானாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லையாம். முப்பது வருட அனுபவமுள்ள பெரியவரை இப்படி ஒதுக்குவது திமிர் இல்லையா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நிச்சயமாகத் திமிர் இல்லை. விமானி அறையில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கவனித்துக்கொண்டே இருந்து, தவறு கண்ணில் பட்டால் அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் எரிந்து விழுகிற ஆளிடம் முதல் நாள் சொல்வான், மறுநாள் யோசிப்பான், மூன்றாம் நாள் 'நமக்கெதற்கு' என்று இருந்துவிடுவான்.

சில வருடங்களுக்கு முன் ஏற்காடு பஸ்ஸில் போனேன். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சேலத்திலேயே ஏதோ தகராறு; மலையேறும்போது பேச்சே இல்லை. அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் எதிரே லாரி வந்துவிட, பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கமாகக் கண்டக்டர் இறங்கி நின்று 'வரலாம், வரலாம், ஹோல்டான்' என்று குரல் கொடுப்பார். அன்று அவர் எழுந்திருக்கவே இல்லை. பின்பக்கம் தடுப்புச் சுவரில் இடித்த பிறகுதான் பஸ் நின்றது. யாருக்கும் அடியில்லை. கடைசி சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணின் முகத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அனுபவம் என்கிறீர்கள். 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார், புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் (அந்நாளில் விமானி அறையில் இருந்த மூன்றாவது ஆள்). விலகிவிட்டது என்று அடித்துச் சொன்ன கேப்டன், அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பாடம் நடத்தியவர். 2010 மே மாதம் மங்களூரில் துணை விமானி மூன்று முறை, இறங்க வேண்டாம், மேலே எழுப்புங்கள் என்றார். கேப்டன் இறக்கினார். 158 உயிர்கள் போயின.

அதனால் பெயர் எழுதும் உரிமை வேண்டும். பெண் என்பதற்காகவோ, சாதி, மதம் பார்த்தோ எழுதினால் அது அயோக்கியத்தனம்; அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. ஓயாத பேச்சு, ஒத்துவராத குணம் என்றால் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கட்டும்.

அந்த கேப்டன் செக்லிஸ்டைப் பாதியில் விடுகிறவர், சொன்னால் காதில் வாங்காதவர் என்றால் கதை வேறு. அங்கே டியூட்டி ஒதுக்குவது சீனியாரிட்டிப்படி. அனுபவமுள்ள துணை விமானிகள் ஒவ்வொருவராகப் பெயரெழுதி விலகிக்கொண்டால், அந்த கேப்டனுக்குப் பக்கத்தில் போய் உட்காரப்போவது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன். வாய்திறக்க மிகவும் பயப்படுகிறவனும் அவன்தான். பின்னால் இருக்கும் பயணிகளுக்கு இது எதுவுமே தெரியாது. ஒரே பெயர் பத்துப் பேர் பட்டியலில் வருவதைப் பார்த்தும் நிர்வாகம் ஏன் என்று கேட்காமலிருந்தால், அது மன்னிக்க முடியாத குற்றம்.

அங்கே விமானிகள் சங்கங்களில் இதற்கென்றே ஒரு குழு உண்டு. புகார் போனால் சக விமானிகளே அந்த மனிதரிடம் ரகசியமாக உட்கார்ந்து பேசுவார்கள். யாருடைய வேலைக்கும் உடனே ஆபத்து வராது. உங்கள் அக்கா மகன் அடுத்த முறை போன் செய்யும்போது, பெயரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டானா, அந்தக் குழுவிடமும் சொன்னானா என்று கேளுங்கள்.